காவலும் காப்பும்: ஜெரெஜாக் தீவிலிருந்து முதியோர் இல்லம் வரை



மொழியியல் கற்றவர் கொள்ளைநோயைப் பற்றிப் பேச வருவது உங்களுள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நோயை ஆராய்வது மருத்துவர் பணி. ஆயினும் நோய் பரவும் காலத்தில் மக்களைக் காக்கும் ஒவ்வொரு நடவடிக்கையும் முதலில் ஒரு சொல்லாகவே மக்களிடம் வந்து சேர்கிறது. 'வெளியே போகாதீர்', 'தனித்திருங்கள்', 'சோதனைக்கு வாருங்கள்' என்பவை சொற்களே. அச்சொல் விளங்கினால் மனிதர் ஒத்துழைக்கிறார், விளங்காவிட்டால் அஞ்சுகிறார், தவறாக விளங்கினால் நோயை மறைக்கிறார். ஆகவே இப்பேரவையின் மேடையில் இதனைப் பேசுவது பொருந்தாச் செயல் அன்று.

இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள், கொவிட் பெருந்தொற்றுக் காலத்தில் முதியோர் இல்லங்களில் நிகழ்ந்த தொற்றுத் தடுப்பும் பரிசோதனையும் ஆகும். ஆனால் 2020-ஆம் ஆண்டிலிருந்து தொடங்கினால் அதன் வேர் தெரியாது. மனிதரைப் பிரித்துவைத்து நோயைத் தடுக்கும் வழக்கம் பினாங்குக்குப் புதியதன்று. நம் முன்னோர் இந்நாட்டில் கால் வைத்த இடமே அத்தகைய ஓர் இடந்தான். அங்கிருந்து தொடங்குவோம்.

நாற்பது நாளும் ஒரு தீவும்

'குவாரண்டைன்' என்னும் சொல் வெனிசு நகரத்தாரின் பேச்சுமொழியிலிருந்து வந்தது. நாற்பது என்பதே அதன் அடிப்பொருள். 1377-ஆம் ஆண்டு, இன்று துப்ரோவ்னிக் எனப்படும் ரகூசா நகரம், கொள்ளைநோய் நிலவிய ஊர்களிலிருந்து வருவோர் முப்பது நாள் வெளியே தங்கிய பின்னரே நகருக்குள் நுழையலாம் என்று விதித்தது. பின்னாளில் அது நாற்பது நாளாயிற்று. 1423-இல் வெனிசு நகரம் நோயாளரை வைப்பதற்கென்றே ஒரு தீவை ஒதுக்கியது. கடல் வாணிகத்தால் வாழும் நகரம் கப்பலை மறுக்க இயலாது. கப்பலோடு வரும் நோயையும் ஏற்க இயலாது. இவ்விரண்டுக்கும் நடுவே அது கண்ட வழிதான் தீவு.

பினாங்கும் அத்தகைய துறைமுக நகரமே. 1786-இல் பிரான்சிசு லைட் இத்தீவைக் கும்பினியின் உடைமையாக அறிவித்த நாள் முதல், பல நாட்டுக் கப்பல்கள் இங்கு வந்து தங்கின. வாந்திபேதியும் பெரியம்மையும் உடன் வந்தன. பினாங்குத் தீவின் கீழ்க்கரையை ஒட்டியுள்ள ஜெரெஜாக் என்னும் சிறு தீவில் தொழுநோயாளர் விடுதி ஒன்று அமைந்தது. 1870களில் குடியேறுவோரைத் தடுத்துவைக்கும் நிலையமும் அங்கு எழுந்தது. தெற்கே சிங்கப்பூரில், 1873-ஆம் ஆண்டின் வாந்திபேதிக்குப் பின், செயிண்ட் ஜான்சு தீவு இதே பணிக்கு ஒதுக்கப்பட்டது. ஆக, நீரிணைக் குடியேற்றங்களின் இரு பெரிய துறைமுகங்களும் தத்தமக்கென ஒரு காவல் தீவைக் கொண்டிருந்தன.

நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறிய தமிழ்த் தொழிலாளர்க்கு மலாயா என்பது முதலில் ஜெரெஜாக்தான். 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. 1910-இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்தது. 1938-இல் உதவிபெற்ற குடியேற்றத்தை இந்திய அரசு நிறுத்தியது. அதுவரை ஆயிரக்கணக்கானோர் அத்தீவின் கொட்டகைகளில் நாள்களை எண்ணிக் கழித்தனர். உடைகள் நீராவியில் இடப்பட்டன, உடல் மருந்துநீரில் கழுவப்பட்டது, அம்மைப்பால் குத்தப்பட்டது. கப்பலின் தளத்தில் வந்தவர்க்கு இருந்த நடைமுறை, அறை எடுத்து வந்தவர்க்கு இருக்கவில்லை. கிருமி பயணச்சீட்டின் வகுப்பைப் பார்ப்பதில்லை, நிருவாகம் பார்த்தது.

எம் பாட்டனார் அவ்வழி வந்தவர். 'கொரண்டின்' என்பதே எம் வீட்டில் வழங்கிய சொல். அதைச் சொல்லும்போது அவர் நோயைப் பற்றி ஒருபோதும் பேசியதில்லை. இரும்புக் கதவைப் பற்றியும், பொதுவிடத்தில் ஆடை களைய நேர்ந்த நாணத்தைப் பற்றியும், தமக்குத் தெரியாத மொழியில் யாரோ எண்களைக் கூவியதைப் பற்றியுமே பேசினார். எதற்காகத் தம்மை அங்கே வைத்தார்கள் என்பதை அவர் தம் இறுதிக்காலம் வரை சரியாக அறிந்திருந்தார் என்று சொல்வதற்கில்லை.

ஜெரெஜாக்கின் நடவடிக்கை தேவையற்றது என்று நாம் கூறவில்லை. பெரியம்மையும் வாந்திபேதியும் உயிர்க்கொல்லி நோய்களே. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் காவல் நகரத்தாரை வந்தவரிடமிருந்து காத்தது. உள்ளே இருந்தவர் காக்கப்படுபவர் அல்லர். அவரே ஐயத்துக்கு உரியவர். தமிழில் 'காவல்' என்னும் சொல் பாதுகாப்பையும் குறிக்கும், சிறையையும் குறிக்கும். எது என்பதை, யார் உள்ளே, யார் வெளியே என்பதுதான் முடிவு செய்கிறது.

வேப்பிலை கட்டிய வாசல்

அரசின் காவல் ஒருபுறமிருக்க, நம்மவர் வீட்டிலேயே ஒரு தொற்றுத் தடுப்பு முறை வழக்கில் இருந்தது. அதற்கு அறிவியல் பெயர் இல்லை. அம்மை கண்ட வீட்டின் வாசலில் வேப்பிலை செருகினார்கள். அதைக் கண்டவர் உள்ளே நுழையமாட்டார். அவ்வீட்டாரும் பிறர் வீட்டுக்குப் போகமாட்டார். நோயாளிக்குத் தனி இடம், தனிப் படுக்கை, தனிப் பாத்திரம். எம் குடும்பத்தில், முன்பே அம்மை கண்டு தேறிய பெரியவர் ஒருவரே அருகிருந்து பார்த்துக்கொள்வது வழக்கம். மூன்று முறை தலைக்குத் தண்ணீர் வார்த்த பின்னரே நோயாளி வெளியே வருவார்.

இதில் மூடநம்பிக்கையும் கலந்திருந்தது. மருத்துவம் மறுக்கப்பட்ட கொடுமையும் சில இடங்களில் நேர்ந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. பெரியம்மையை உலகிலிருந்து ஒழித்தது தடுப்பூசியே. 1980-இல் உலக நலவாழ்வு நிறுவனம் அதனை அறிவித்தது. எனினும் அவ்வழக்கத்தின் சொல்லாட்சியை ஒரு மொழியியலார் ஒதுக்கிவிட முடியாது. நோய்க்கு 'அம்மை' என்று தாயின் பெயரையே இட்டனர். 'அம்மை பார்த்திருக்கிறது' என்றனரே அன்றி, 'இவன் கெட்டவன், விலகு' என்று கூறவில்லை. தனித்திருப்பவர் குற்றவாளியாகவில்லை; அவ்வீட்டின் நடுவில் இருந்தார். ஊர்த் திருவிழாவில் காப்புக் கட்டிய பின் யாரும் ஊரை விட்டு வெளியே தங்கக்கூடாது என்பதும் எல்லார்க்கும் பொதுவான கட்டுப்பாடே. பினாங்குக் குயின் தெருவிலுள்ள மகாமாரியம்மன் கோயிலை அறிந்த மாணவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

தொற்றும் நோய்க்கு நம் மொழியில் பழைய பெயர் ஒன்று உண்டு: ஒட்டுவாரொட்டி. ஒட்டுவாரோடு ஒட்டுவது என்பது பொருள். யார் நெருங்கி வாழ்கிறாரோ, யார் தொட்டுப் பணிசெய்கிறாரோ அவரையே அது பற்றும். முதியோர் இல்லத்தின் இன்னல் முழுவதும் இந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. அங்கே நெருக்கம் தவிர்க்கக்கூடியது அன்று. ஊட்டுவதும் குளிப்பாட்டுவதும் படுக்கை மாற்றுவதும் தொடாமல் நடவா.

பினாங்கு தந்த மருத்துவர்

வீட்டுக்கும் தீவுக்கும் அப்பால், அறிவியல் வழியில் தொற்றுத் தடுப்பை வகுத்த ஒருவரைப் பினாங்கு உலகுக்குத் தந்தது. வூ லியென் தே 1879-ஆம் ஆண்டு மார்ச் 10-இல் இங்குப் பிறந்தார். பினாங்கு பிரீ சுகூலில் பயின்று, அரசியார் உதவித்தொகை பெற்றுக் கேம்பிரிட்சு சென்றார். 1903-இல் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் சிறிது காலம் பணியாற்றினார். பின் சீனா சென்றார்.

1910-ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது அவர் ஆர்பின் நகருக்கு அனுப்பப்பட்டார். எலியும் தெள்ளுமே பிளேக்கைப் பரப்பும் என்று அறிஞர் நம்பிய காலம் அது. வூ பிணக்கூறு ஆய்வு செய்தும் நோயாளரை நேரில் கண்டும், இந்த நோய் மனிதரின் மூச்சு வழியே மனிதரைப் பற்றுகிறது என்று தெளிந்தார். மெல்லிய துணிக்கு நடுவே பஞ்சு வைத்துத் தைத்த முகக்கவசத்தை மருத்துவர், செவிலியர், பணியாளர் அனைவரும் அணியச் செய்தார். அவர் கருத்தை ஏற்காத மெனி என்னும் பிரெஞ்சு மருத்துவர் கவசமின்றி நோயாளரைப் பார்த்தார். சில நாளில் அதே நோயால் மாண்டார்.

அவர் செய்த இன்னொன்று நம் பொருளுக்கு நெருங்கியது. நோயுற்றவரையும், நோயுற்றவரோடு பழகியவரையும் அவர் ஒரே இடத்தில் வைக்கவில்லை. தொடர்புற்றோர்க்கு இரயில்வேயிடமிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட சரக்குப் பெட்டிகளைப் பெற்றார். அவற்றில் தங்கியவர்களுக்கு நாள்தோறும் காய்ச்சல் பார்க்கப்பட்டது. காய்ச்சல் கண்டவர் மட்டும் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். காணாதவர் நாள் கடந்ததும் வீடு திரும்பினார். ஏறத்தாழ 60,000 பேரைப் பலிகொண்ட அந்நோய் 1911-ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் அடங்கியது. அவ்வாண்டு ஏப்பிரலில் முக்டெனில் கூடிய அனைத்துலகப் பிளேக் மாநாட்டுக்கு அவரே தலைவர். 1937-இல் மலாயா திரும்பி ஈப்போவில் மருத்துவம் பார்த்த அவர், 1960-இல் தாம் பிறந்த பினாங்கிலேயே காலமானார்.

முகத்தை மூடு, நோயுற்றவரையும் பழகியவரையும் தனித்தனியே பிரி, நாள்தோறும் பார் என்னும் இம்மூன்று பாடங்களும் இந்நகரத்தின் மகன் ஒருவர் நூற்றுப் பத்து ஆண்டுகளுக்கு முன் நடத்திக்காட்டியவை. 2020-இல் உலகம் அவற்றை மீண்டும் முதலிலிருந்து கற்றது.

காய்ச்சல்மானி காணாதது

2020 ஜனவரி 25-இல் மலேசியாவில் முதல் கொவிட் தொற்றாளர்கள் அறிவிக்கப்பட்டனர். மார்ச் 11-இல் உலக நலவாழ்வு நிறுவனம் இதனைப் பெருந்தொற்று என்றது. மார்ச் 18-இல் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. ஜார்ஜ்டவுன் தெருக்கள் வெறிச்சோடின. முதியோர் இல்லங்களின் கதவுகள் உறவினர்க்கு மூடப்பட்டன.

கதவை மூடினால் கிருமி நுழையாது என்று எண்ணியது இயல்பே. அது போதாது என்பதை அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலம் முதலில் காட்டியது. அங்குக் கிர்க்லாந்து என்னும் ஊரின் பராமரிப்பு இல்லமொன்றில் பிப்ரவரி இறுதியில் தொற்று வெளிப்பட்டது. மார்ச் 18 வரையில் அதனோடு தொடர்புடைய 167 பேர்க்குத் தொற்று உறுதியாயிற்று. அவர்களுள் 101 பேர் இல்லவாசிகள். 50 பேர் பணியாளர். 16 பேர் பார்வையாளர். இல்லவாசிகளுள் மூவரில் ஒருவர் இறந்தனர். உடல்நலம் குன்றிய நிலையிலும் பணிக்கு வந்தவர்களும், ஒன்றுக்கு மேற்பட்ட இல்லங்களில் வேலை பார்த்தவர்களும் தொற்று பரவக் காரணமாயினர் என்று ஆய்வாளர் கண்டனர். நோய் வாசல் வழியே வந்தது உண்மை. ஆனால் திறந்தே தீரவேண்டிய வாசல் வழியே வந்தது.

அதே வட்டாரத்தில் இன்னோர் இல்லத்தில் நடந்த ஆய்வை ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துச்சொல்லலாம். அங்கு 76 முதியவர்க்கு, அறிகுறி உள்ளவர் இல்லாதவர் என்று பாராமல், ஒரே சமயத்தில் பரிசோதனை நடந்தது. 23 பேர்க்குத் தொற்று இருந்தது. அவர்களுள் 10 பேர்க்கே பரிசோதனை நாளில் அறிகுறி இருந்தது. எஞ்சிய 13 பேர் நலமாகவே தோன்றினர். ஒரு வாரத்துள் அந்த 13 பேரில் 10 பேர்க்கு அறிகுறிகள் வந்தன. வாசலில் காய்ச்சல் பார்த்தும், இருமல் உண்டா என்று கேட்டும் பிரித்திருந்தால், பாதிக்கு மேற்பட்டோர் கண்ணுக்குத் தப்பியிருப்பர்.

இதற்கு இரு காரணங்கள். ஒன்று, இக்கிருமி அறிகுறி தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே பிறரைப் பற்றும் வலிமை பெறுகிறது. மற்றொன்று, முதுமையின் இயல்பு. இளையவர்க்கு வருவது போலக் காய்ச்சலும் இருமலும் முதியவர்க்கு வரவேண்டும் என்பதில்லை. உணவை வெறுப்பது, திடீரென மனம் தடுமாறுவது, நடக்கையில் விழுவது ஆகியவையே முதல் குறிகளாக இருக்கலாம். 'அம்மா இரண்டு நாளாய்ச் சரியாகச் சாப்பிடவில்லை' என்று பணிப்பெண் சொல்லும் ஒரு சொல், காய்ச்சல்மானியைவிட முன்னதாக நோயைக் காட்டிவிடும். வூ லியென் தே காலத்துப் பிளேக்கிற்குக் காய்ச்சல் பார்ப்பது உதவிற்று. கொவிட்டுக்கு அது மட்டும் உதவவில்லை. நாள்தோறும் பார் என்ற பாடம் மாறவில்லை. எதைப் பார்ப்பது என்பதே மாறியது.

பரிசோதிக்காமல் மாற்றியதால் நேர்ந்த துன்பத்துக்கு இங்கிலாந்து சான்று. 2020 மார்ச்சில் மருத்துவமனைப் படுக்கைகளை விடுவிக்கும் பொருட்டு, முதியோர் பலர் பரிசோதனையின்றிப் பராமரிப்பு இல்லங்களுக்கு அனுப்பப்பட்டனர். ஏப்பிரல் நடுவில்தான் அனைவர்க்கும் பரிசோதனை என்ற விதி வந்தது. தந்தையரை இழந்த மகளிர் இருவர் தொடுத்த வழக்கில், 2022 ஏப்பிரல் 27-இல் இலண்டன் உயர்நீதிமன்றம் அத்தொடக்கக் கால வழிகாட்டல் சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்ப்பளித்தது. அறிகுறியற்றவரும் நோயைப் பரப்பக்கூடும் என்ற இடரைக் கருதாமல் விட்டதே குறை என்றது. மேற்சொன்ன 23-இல் 13 என்னும் எண்ணிக்கை, இங்கே நீதிமன்றத் தீர்ப்பாயிற்று.

நம் நாட்டில் 2020 மே மாதத்தில், நலவாழ்வு அமைச்சு முதியோர் இல்லங்களை இலக்காகக் கொண்டு பரிசோதனை தொடங்கியது. முன்பு வூ பணியாற்றிய அதே மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், கொவிட் மாதிரிகளைத் தொடக்கத்திலிருந்தே ஆய்ந்த கூடங்களுள் முதன்மையானது. ஆயினும் இல்லங்களின் நிலை ஒருபடித்தானது அன்று. 1993-ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டத்தின்கீழ்ச் சமூகநல இலாகாவில் பதிவு பெற்றவை உண்டு. பதிவின்றி அடுக்கு வீடுகளில் நடப்பவையும் உண்டு. 1935-இல் மன்னரின் வெள்ளி விழாவை ஒட்டி எழுந்த பழைய அறநிலையம் முதல், அண்மையில் தொடங்கிய தனியார் விடுதி வரை, இப்பினாங்கிலேயே பலவகை இல்லங்கள் உண்டு. பட்டியலில் இல்லாத இல்லத்துக்குப் பரிசோதனைக் குழுவும் போகாது. தடுப்பூசி வண்டியும் போகாது. பதிவு என்பது வெறும் தாள் அன்று என்பதை அக்காலம் காட்டியது.

'சோதனை' என்ன செய்தது?

இனி நம் துறைக்கு வருவோம். எம் சிற்றன்னையார் அந்நாளில் இத்தீவின் ஓர் இல்லத்தில் இருந்தார். அகவை எண்பத்தாறு; காது மந்தம்; மறதி நோய் தொடங்கியிருந்தது. ஒருகாலத்தில் மலாயும் ஆக்கியனும் ஆங்கிலமும் கலந்து பேசிச் சந்தையை நடுங்கவைத்தவர். நோய் மிகமிகப் பின்னால் கற்ற மொழிகள் ஒவ்வொன்றாய் உதிர்ந்து, தமிழே எஞ்சியது.

ஒருநாள் வெள்ளை உடுப்பும் கண்ணாடிக் கவசமும் அணிந்தோர் வந்து அவர் மூக்கில் குச்சியை நுழைத்தனர். அன்று மாலை தொலைபேசியில் அவர் எம்மிடம் கேட்டது இது: 'நான் என்னப்பா தப்புப் பண்ணினேன்? எதுக்கு என்னைச் சோதனை போடுறாங்க?'

'சோதனை' என்றால் அவர் அறிந்த பொருள்கள் மூன்று: சுங்கச் சாவடியில் பெட்டியைக் கிளறுவது, பள்ளியில் தேர்வு வைப்பது, ஆண்டவன் தரும் துன்பம். மூன்றிலும் சோதிக்கப்படுபவர் தம்மை மெய்ப்பிக்க வேண்டியவரே. அவர் அச்சம் மறதியால் வந்தது அன்று, மொழியறிவால் வந்தது. இரண்டு நாள் கழித்து 'நெகட்டிவ்' என்று முடிவு வந்தது. அதனைத் தமிழாக்கி, 'எதிர்மறையாம்' என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். சிற்றன்னையார் இரவெல்லாம் அழுதார். 'நோய் இல்லை' என்னும் இரு சொற்கள் அவ்விரவைத் தடுத்திருக்கும்.

தொடர்ந்து வேறொன்றும் நேர்ந்தது. அவ்விரு சொற்களும் முழு உண்மை அல்ல. பரிசோதனை முடிவு, மாதிரி எடுத்த நேரத்து நிலையை மட்டுமே சொல்லும். கிருமி புகுந்து ஓரிரு நாளே ஆகியிருந்தால் மிக நுட்பமான பிசிஆர் பரிசோதனையும் அதைக் காணாது போகலாம். கால்மணி நேரத்தில் முடிவு சொல்லும் ஆர்டிகே பரிசோதனை இன்னும் சற்றுத் தவறவிடும். ஆனால் அடிக்கடி செய்யலாம் என்பது அதன் வலிமை. ஆகவே இல்லங்களில் பரிசோதனை ஒருமுறை நிகழும் சடங்காக இருத்தல் ஆகாது; திரும்பத் திரும்பச் செய்யும் வழக்கமாக வேண்டும். 'இன்று நோய் இல்லை. சில நாள் கழித்து மறுபடியும் பார்ப்போம்' என்பதே சரியான தமிழ். இதில் கலைச்சொல் ஒன்றும் இல்லை. அறிவியல் முழுவதும் இருக்கிறது.

'தனிமைப்படுத்தல்' என்னும் சொல்லும் அவ்வாறே இடர் தந்தது. நோயுற்றவரைப் பிரித்துவைப்பது ஒன்று. நோயுற்றவரோடு பழகியவரை, நோய் வருகிறதா என்று சில நாள் ஒதுக்கிப் பார்ப்பது மற்றொன்று. வூ லியென் தே மருத்துவமனை, சரக்குப் பெட்டி என்று இரண்டையும் இடத்தால் பிரித்தார். நம் செய்தித்தாள்கள் இரண்டுக்கும் ஒரே சொல்லை வழங்கின. இல்லத்தில் இச்சொற்குழப்பம் செயற்குழப்பமாகும். தொற்று உறுதியானவரையும் உறுதியாகாத அவருடைய அறைத் தோழரையும் 'தனிமைப்படுத்துகிறோம்' என்று ஒரே அறையில் அடைத்தால், நோயை நாமே பரிமாறியவர் ஆவோம்.

மேலும், தனிமை என்பது தமிழில் துயரத்தின் பெயர். 'தனிமைப்படுத்துகிறோம்' என்று ஒரு முதியவரிடம் சொல்வது, 'உன்னை யாருமற்றவராக்குகிறோம்' என்பதற்கு நிகர். முன்னதற்குத் 'தனிக்காப்பு' என்றும், பின்னதற்குக் 'காத்துப்பார்த்தல்' என்றும் சொல்லலாமே என்பது நம் கருத்து. இவை நிலைக்குமா என்பதை வழக்கு முடிவு செய்யட்டும். 'வைரசு'க்கு மலேசியத் தமிழ் 'நச்சில்' என்றும், தமிழகம் 'தீநுண்மி' என்றும் ஆக்கிக்கொள்ள முடிந்தது. கிருமிக்குப் பெயர் தேடிய நாம், அக்கிருமியால் ஒதுக்கப்பட்ட மனிதர்க்கு நேரும் நிலைக்கும் நல்ல பெயர் தேடியிருக்கலாம்.

நாமும் நாங்களும்

தமிழ் இலக்கணத்தில் மாணவர் எளிதாகக் கற்கும், ஆங்கிலம் அறியாத ஒரு வேறுபாடு உண்டு. கேட்பவரையும் உளப்படுத்துவது 'நாம்'; கேட்பவரை விலக்குவது 'நாங்கள்'. ஜெரெஜாக்கின் காவல் முழுவதும் 'நாங்கள்' என்னும் நிலையில் நின்றது. 'நாங்கள் உங்களைச் சோதிக்கிறோம்.' முதியோர் இல்லத்தின் தொற்றுத் தடுப்பு அந்நிலையில் வெல்லாது. அங்கே கிருமியைக் கொண்டுவருபவர் படுக்கையில் கிடக்கும் முதியவர் அல்லர். வெளியே சென்று வரும் நாமே. பணியாளர், மருத்துவர், உணவு கொண்டுவருபவர், உறவினர் ஆகிய அனைவரும் அதில் அடங்குவர். எனவே பரிசோதனை பணியாளரிடமிருந்தே தொடங்கவேண்டும். முதியவர் கண்முன் அது நடக்கவும் வேண்டும். தமக்கு ஊட்டும் பெண் முதலில் தன் மூக்கில் குச்சியை வைத்துக்கொள்வதைக் காணும் பாட்டி, 'நான் என்ன தப்புச் செய்தேன்' என்று கேட்கமாட்டார்.

பணியாளரைச் சேர்த்து எண்ணுவது என்றால் அவர் ஊதியத்தையும் சேர்த்து எண்ணுவது. காய்ச்சல் என்று சொன்னால் ஒருநாள் கூலி போகும் என்றால், யாரும் சொல்லமாட்டார். ஓர் இல்லத்து வருவாய் போதாமல்தான் ஒருவர் இரண்டு இல்லங்களில் உழைக்கிறார். கனடாவின் பிரிட்டிசு கொலம்பியா மாநிலம் 2020 மார்ச்சில், ஒருவர் ஓர் இல்லத்திலேயே பணிசெய்யலாம் என ஆணையிட்டபோது, ஊதியக் குறைவை அரசே ஈடுசெய்தது. ஆணை பயன்தரக் காரணம் அந்தப் பணமும்கூட. இங்கே முதியோரைத் தூக்கி எடுத்துப் பேணுவோருள் அயல்நாட்டினர் பலர். அவர்க்கு நம் முதியோர் மொழி தெரியாது. நம் முதியோர்க்கு அவர் மொழி தெரியாது. இடையே முகக்கவசம் வேறு. காது கேளாதவர் உதட்டசைவைப் பார்த்தே பேச்சறிவார். கவசம் உயிரைக் காத்தது. அதே வேளையில் அவருடைய செவியையும் அடைத்தது.

தடுப்பூசி வந்த பின்னரும் இதே பாடம் தொடர்ந்தது. மலேசியாவில் 2021 பிப்ரவரி 24-இல் முன்களப் பணியாளர்க்கும், ஏப்பிரலிலிருந்து முதியோர்க்கும் ஊசி போடப்பட்டது. ஆங்காங் நகரமோ 2003-ஆம் ஆண்டின் சார்சு நோயால் பாடம் கற்று, இல்லங்களில் தொற்றுத் தடுப்புப் பொறுப்பாளர் வரை வைத்திருந்தது, ஈராண்டு தப்பியது. ஆயினும் முதியோர் பலர் ஊசி போடாதிருந்தமையால், 2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எழுந்த ஓமைக்ரான் அலையில் இல்லவாசிகள் பெருந்தொகையில் மாண்டனர். கதவு எவ்வளவு உறுதியாயினும் உள்ளிருப்பவரிடம் பேசி இசைவு பெறும் பணி விடுபட்டால், அக்கதவு ஒருநாள் தோற்கும்.

எம் சிற்றன்னையார்க்கு அந்நோய் வரவில்லை. அவர் 2021-இன் இறுதியில் முதுமையால் மறைந்தார். பதினெட்டுத் திங்களில் நாம் அவரைக் கண்டதெல்லாம் இரும்புக் கதவுக்கு அப்பால் நாற்காலியில் அமர்த்தப்பட்ட உருவமாகவே. அந்த ஏற்பாடு தவறு என்று நாம் சொல்லத் துணியோம். அதனால் அவர் உயிரோடிருந்தார். ஆனால் கதவுக்கு இப்பால் நின்று பார்க்கையில், பாட்டனார் சொன்ன இரும்புக் கதவு நினைவுக்கு வந்தது. அன்று ஊரைக் காக்க அவரை உள்ளே வைத்தனர். இன்று அவர் மகளைக் காக்க நம்மை வெளியே வைத்தனர். நோக்கம் தலைகீழாக மாறியிருந்தது. உள்ளிருந்தவர்க்கு அது தெரிந்ததா? பாட்டனார்க்கும் யாரும் சொல்லவில்லை. மகளுக்கும் அவர் மொழியில் யாரும் சொல்லவில்லை. இதுவே நம் குறை.

2023 மே 5-இல் உலக நலவாழ்வு நிறுவனம் நெருக்கடி நிலை முடிந்ததாக அறிவித்தது. அடுத்த தொற்று எப்பெயரில் வருமோ அறியோம்; நம் நாடு முதுமை அடைந்துவருவதை மட்டும் நன்கறிவோம். எனவே ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளிக்கு அருகில் ஒரு முதியோர் இல்லம் இருக்கும். அங்குள்ளோர் பேசும் மொழிகள் எவை என்று கேட்டறியுங்கள். 'உங்களைக் காக்கவே இந்தக் கவசம்', 'எனக்கும் இதே பரிசோதனைதான்', 'இன்று நோய் இல்லை', 'நாளை மறுபடியும் வருவேன்' என்பன போன்ற பத்துத் தொடர்களைத் தமிழிலும், சீனத்திலும், மலாயிலும், பணியாளர் மொழியிலும் பெரிய எழுத்தில் அட்டைகளாக எழுதிக் கொடுங்கள். நோயற்ற காலத்திலேயே கொடுங்கள். கவசத்துக்கு மேல் கண்கள் மட்டும் தெரியும் நாளில், அந்த அட்டை ஒரு வாயாக இருக்கும்.

காவல் என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு என்று முன்னரே கூறினோம். அவற்றுள் எது மெய்யாகும் என்பது கதவைப் பூட்டுபவர் கையில் மட்டும் இல்லை. கதவருகே நின்று உள்ளிருப்பவர்க்குப் புரியும்படி ஏனென்று சொல்பவர் நாவிலும் இருக்கிறது.